ரேகைச் சட்டமும் பிறவிப் பழியும்

தமிழ்நாட்டரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்களின் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று ‘கந்தர்வக்கோட்டைக் கள்ளர்’ என்பதாகும். தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களில் வாழ்வோர் என்ற குறிப்பும் அப்பெயரையடுத்து அடைப்புக்குள் காணப்படுகிறது. தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் சூழ அமைந்த கந்தர்வக்கோட்டையை அறியாதார் நம் பக்கத்தில் இலர். பழைய தஞ்சை மாவட்டத்துப் பாளையங்களுள் ஒன்றாகவும், பின்னர் ஜமீனாகவும் விளங்கிய ஊர் அது. கோயிலாலோ, விளைபொருளாலோ, ஒரு புலவராலோ ஊரின் பெயர் நாடறிய நிற்பதுண்டு. ஆனால் இந்தப் பட்டியலில் இவ்வூரின் பெயர் ஏறியதற்குக் காரணம் மனித மனத்தைப் பற்றிய ஒரு கொள்கையே. குற்றம் செய்யும் இயல்பு குருதியோடு வருகிறது, தந்தை திருடனானால் மகனும் திருடனே என்ற கொள்கை அது. சீர்மரபினர் என்னும் நல்ல தமிழ்ச் சொல்லுக்கு முன்னர் அரசாங்க ஏடுகளில் வழங்கிய சொல் ‘குற்றப் பரம்பரையினர்’ என்பதாகும்.

அக்கொள்கை சட்டமான வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1871ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. அது முதலில் வட இந்தியாவிலேயே நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 1924இல் மீண்டும் திருத்தித் தொகுக்கப்பட்டது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. பதிவேட்டில் பெயர் ஏறியவனிடம் கைரேகை வாங்கப்படும். அவன் குறித்த நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊரைவிட்டு அகலலாகாது. பல இடங்களில் இரவுதோறும் அதிகாரிகள் காட்டிய இடத்திலேயே படுத்துறங்க வேண்டும். மக்கள் இதற்கு ‘ரேகைச் சட்டம்’ என்று பெயரிட்டனர். சட்டப் புத்தகத்திலுள்ள பெயரைவிட இதுவே அதன் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. பிற மக்கள் குற்றம் செய்த பின்னர் ரேகை வைத்தார்கள். இவர்களோ பிறந்த குற்றத்திற்காக ரேகை வைத்தார்கள்.

ரேகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. விரல் ரேகைகளை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் முறையின் கணிதத்தை வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் காஜி அஜீஸுல் ஹக் என்னும் வங்காள முஸ்லிம் போலீஸ் அதிகாரி ஆவார். 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகை அலுவலகம் திறக்கப்பட்டது. அம்முறை மட்டும் அவருடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே இன்றளவும் வழங்குகிறது. ஒவ்வொரு மனிதனும் தனித்தனியானவன், ஒருவன் ரேகை மற்றொருவனுக்கு இராது என்பதே அந்தக் கலையின் அடிப்படை. தனி மனிதனை அடையாளம் காட்டும் அக்கருவியைக் கொண்டே ஒரு குலத்தை முழுதும் ஒரே குற்றவாளியாகப் பதிவு செய்தார்கள்!

இனி அக்கொள்கையின் பிறப்பைக் காண்போம். மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்தே ஒருவன் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவியிருந்தது. மத்திய இந்தியாவின் சாகர் நகரில் தூக்கிலிடப்பட்ட தக்கர் எழுவரின் மண்டையோடுகளை 1833இல் ஹென்றி ஸ்ப்ரை என்ற டாக்டர் எடின்பரோவுக்கு ஆராய்ச்சிக்காக அனுப்பிவைத்தார். பின்னர் இத்தாலியில் சீஸரே லொம்ப்ரோஸோ என்ற டாக்டர் தோன்றினார். கலாப்ரியா நாட்டுக் கள்வன் ஒருவனின் மண்டையோட்டில் ஒரு குழியைக் கண்ட அவர், ஆதி மனிதனின் மிருக குணம் சிலரிடம் மீண்டும் தலையெடுக்கிறது, அவர்களே பிறவிக் குற்றவாளிகள் என்று முடிவு கட்டினார். தாடை இப்படியிருக்கும், காது அப்படியிருக்கும் என்று அங்க இலக்கணமும் வகுத்தார். அவருடைய நூல் 1876இல் வெளிவந்தது. தம் உடலையும் அவர் ஆராய்ச்சிக்கென்றே எழுதிவைத்தார். டூரின் நகரத்து மியூசியத்தில், தாம் சேர்த்த குற்றவாளிகளின் எலும்புகளோடு அவர் எலும்புக்கூடும் இன்று நிற்கிறது.

லொம்ப்ரோஸோவின் நூலைப் படித்துவிட்டு இந்தியச் சட்டத்தை எழுதினார்கள் என்று நாம் கூறவில்லை. சட்டம் நூலுக்கு ஐந்தாண்டு மூத்தது. இங்கிருந்த அதிகாரிகள் நம் சாதி முறையைத் தமக்கு வேண்டியவாறு பொருள் கொண்டனர். தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்றால், திருடன் மகன் திருடன்தானே என்பது அவர்களின் தர்க்கம். அங்கே எலும்பைக் காட்டினார்கள். இங்கே குலத்தைக் காட்டினார்கள். கள்ளர் என்ற பெயரே ஒரு வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டது. சொல்லின் வேரையும் வரலாற்றையும் ஆராய அவர்களுக்கு நேரமும் இல்லை; மனமும் இல்லை.

இதில் வேதனை என்னவென்றால், சென்னை மாகாணத்தில் இச்சட்டம் காலூன்றிய அந்த நாட்களிலேயே அதன் அடிப்படை ஐரோப்பாவில் ஆட்டங்கண்டுவிட்டது. சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை டாக்டர் ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்து, பிற மக்களோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனியொரு உடலமைப்பு இல்லை என்று 1913இல் நூல் வெளியிட்டார். அவரும் பரம்பரையை முற்றிலும் கைவிட்டவரல்லர். அறிவுக் குறைவு பரம்பரையாக வரக்கூடும் என்றே எண்ணினார். ஆயினும் பிறவிக் குற்றவாளியின் முகம் என்று ஒன்றில்லை என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. லண்டனில் பொய்யாகிப்போன கொள்கை மதுரையிலும் தஞ்சையிலும் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டமாக உயிர் வாழ்ந்தது.

அளவுகோலும் மண்டையோடும் இன்றியே இக்கொள்கையைப் பொய்யாக்கும் சான்று நம் மண்ணிலேயே இருந்தது. கந்தர்வக்கோட்டையிலிருந்து தெற்கே புறப்பட்டு, வறுத்த முந்திரிக்குப் பேர்போன ஆதனக்கோட்டையைத் தாண்டிச் சென்றால் புதுக்கோட்டை நகரை அடையலாம். அங்கே 1686 முதல் 1948 வரை அரசாண்ட தொண்டைமான்கள் யார்? அவர்களும் கள்ளர் குலத்தவரே. கருநாடகப் போர்களில் ஆங்கிலேயர் திருச்சிராப்பள்ளியைக் காத்து நின்றபோது அவர்களுக்குத் தானியமும் படையும் தந்து துணைநின்றது அந்த அரச குடும்பமாகும். 1886 முதல் 1928 வரை பட்டத்திலிருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானை ஆங்கிலேயர் ‘ஹைனஸ்’ என்று அழைத்தனர். அதே ஆங்கிலேயர், அதே காலத்தில், அதே குலப்பெயரைத் தாங்கிய ஏழைக் குடியானவனின் பெருவிரலில் மையைத் தடவினர். குருதியில் குற்றம் இருந்திருந்தால் அரண்மனையிலும் அல்லவா இருந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை எந்தக் கலெக்டரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியாயின் களவே நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தது, மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதன் பின்னணியில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. தென்பாண்டி நாட்டிலும் தஞ்சைச் சீமையின் தென்பகுதியிலும் ஊர்க்காவல் பொறுப்பு மறவர், கள்ளர் முதலிய வீரக்குடிகளிடம் இருந்தது. காவல்காரனுக்கு ஊரார் நெல்லாகவும் பணமாகவும் காவல் கூலி கொடுத்தனர். மாடு களவு போனால் அவன் துப்புத் துலக்கி மீட்டுத் தரவேண்டும். மீட்க முடியாவிட்டால் மதிப்பை ஈடுகட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கும்பெனியார் ஊர்க்காவலைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும், 1859ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டமும் காவல்காரனின் உரிமையைப் பறித்தன. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவனுக்கு வேறு நிலமோ தொழிலோ கொடுக்கப்படவில்லை. காவல் மறைமுகமாகத் தொடர்ந்தது. சில இடங்களில் அது மிரட்டலாகவும் மாறியது. மாட்டை ஓட்டிச் சென்று, இடைத்தரகர் மூலம் ‘துப்புக்கூலி’ பெற்றுக்கொண்டு திருப்பித் தரும் வழக்கம் பெருகிற்று. உழவு மாட்டை இழந்த ஏழை உழவனின் கண்ணீரையும் நாம் மறக்கலாகாது. 1896இல் திண்டுக்கல் பகுதிக் குடியானவர்கள் ஒன்றுகூடிக் கள்ளர் காவலை ஒழிக்கக் கிளம்பியது இந்த ஆற்றாமையினாலேயே. ஆனால் அக்கிளர்ச்சியில் களவே அறியாத குடும்பங்களின் வீடுகளும் தீக்கிரையாயின. நேற்றுப் பாதிக்கப்பட்டவன் இன்று பிறரைப் பாதிப்பவனாக மாறும் இந்தச் சுழற்சியைப் பிற்கால ஆய்வாளர் பலரும் பல நாடுகளில் கண்டு எழுதியுள்ளனர்.

அரசாங்கம் இதிலிருந்து கற்ற பாடம் என்ன? காவல் கூலி போன இடத்தில் நிலத்தைக் கொடு என்பதன்று. மாடிழந்தவனுக்கு ஈடு செய் என்பதுமன்று. குலத்தையே பதிவேட்டில் ஏற்று என்பதேயாகும்.

அரபு இலக்கியம் பயின்றோருக்கு இந்த நிலை புதிதன்று. ஜாஹிலிய்யாக் காலத்தில் ‘ஸஆலீக்’ எனப்பட்ட ஒரு கூட்டத்தார் இருந்தனர். ஷன்ஃபரா, தஅப்பத ஷர்ரன், உர்வா இப்னுல் வர்த் முதலிய பெருங்கவிஞர்கள் அவர்களுள் அடங்குவர். அவர்கள் பாலைவனத்தில் கொள்ளையடித்து வாழ்ந்தவர்களே. ஆனால் அவர்களுள் பலருடைய கதை கொள்ளையில் தொடங்கவில்லை. குலத்தார் பொது இடத்தில் நின்று ‘இவன் இனி நம்மவன் அல்லன்’ என்று அறிவிப்பார்கள். இதற்கு ‘கல்உ’ என்று பெயர். ஆடையைக் கழற்றி எறிவது என்பது பொருள். நம் வீடுகளில் வழங்கும் ‘குலா’ என்ற சொல்லுக்கும் வேர் இதுவே. அறிவிக்கப்பட்டவனுக்குப் புகலிடம் இல்லை. அவனைக் கொன்றால் பழிவாங்குவோரும் இல்லை. கொள்ளையைத் தவிர வேறு எந்தத் தொழில் அவனுக்கு மிஞ்சும்? உர்வா தம் கொள்ளைப் பொருளை நலிந்தோர்க்குப் பகிர்ந்தளித்தார் என்று இலக்கிய நூல்கள் புகழ்கின்றன. இயல்பிலேயே கொடியவனாக இருப்பவன் செய்யும் காரியமா அது?

அறிவிப்பே குற்றவாளியை ஆக்குகிறது என்னும் இந்த உண்மையை மேனாட்டார் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் கோட்பாடாக வகுத்தனர். அமெரிக்காவில் ஃபிராங்க் டானன்பாம் 1938இல் வெளியிட்ட நூலில், தீயவன் என்று முத்திரையிடப்படும் சிறுவன் நாளடைவில் அம்முத்திரைக்கேற்பவே வாழத் தலைப்படுகிறான் என்று விளக்கினார். பிறரோடு பழகிப் பேசி, ஒரு தொழிலைப் போலவே குற்றமும் கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார் எட்வின் சதர்லாந்து. அவர் அத்தோடு நிற்கவில்லை. பெரிய வியாபாரக் கம்பெனிகளின் மோசடிகளைத் தொகுத்து 1949இல் ‘வெள்ளைக் காலர்’ குற்றங்களைப் பற்றி நூல் எழுதினார்; செல்வரின் குற்றத்துக்கு மண்டையோட்டை அளப்பார் யாருமில்லை என்பது அதனால் வெளிப்பட்டது. இவர்களுக்கெல்லாம் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1377இல் தம் ‘முகத்திமா’வை எழுதி முடித்த இப்னு கல்தூன், மனிதனை உருவாக்குவது அவன் பிறவிக் குணமன்று, அவன் பழகிய வாழ்க்கை முறையே என்ற கருத்தை நிலைநாட்டியிருந்தார். தூனிஸில் பிறந்த ஒரு காஜி கண்டதை லண்டன் சட்ட மேதைகள் காணவில்லை.

ஒரு சமூகத்தின் மனத்தையே நோயாகக் காட்டும் வழக்கம் கள்ளரோடு தொடங்கியதன்று. சென்னை மாகாணத்தின் மேற்குக் கரையில், மலபாரில், மாப்பிள்ளை முஸ்லிம்களின் கிளர்ச்சிகளை விசாரிக்க 1852இல் டி. எல். ஸ்ட்ரேஞ்ச் என்ற நீதிபதி நியமிக்கப்பட்டார். நிலக் குறைகள் காரணமன்று, மதவெறியே காரணம் என்று அவர் தீர்த்தார். அதைத் தொடர்ந்து 1854இல் வந்த சட்டம், கிளர்ச்சி நடந்த பகுதியின் மாப்பிள்ளைமார் அனைவர் மீதும் கூட்டுத் தண்டம் விதிக்க வழி செய்தது. முப்பதாண்டுகள் கழிந்த பின்னர், 1881இல் நில உரிமைகளை விசாரிக்க அமர்த்தப்பட்ட வில்லியம் லோகன், குத்தகைதாரரை நிலத்தைவிட்டு வெளியேற்றும் ஜன்மிகளின் அதிகாரமே குழப்பத்தின் வேர் என்று எழுதினார். ஒரே மண்ணையும் ஒரே மக்களையும் பார்த்த இருவருள் ஒருவர் மூளையில் வெறியைக் கண்டார்; மற்றவர் வயிற்றில் பசியைக் கண்டார். நம்மவர் மீது வெறியர் என்ற பழி விழும்போது நமக்கு வலிக்கிறது. அண்டை வீட்டார் மீது திருடர் என்ற பழி விழுந்தபோது நாம் என்ன நினைத்தோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் போலீஸார் துப்பாக்கியால் சுட்டனர். 16 பேருக்குக் குறையாமல் மாண்டனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். ரேகைச் சட்டத்தை எதிர்த்து அம்மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று அவர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். துப்பாக்கிக்குப் பின் பள்ளிக்கூடம் வந்தது. கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் திறக்கப்பட்ட பள்ளிகள் பல குடும்பங்களுக்கு எழுத்தறிவைத் தந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு இடங்களில் சால்வேஷன் ஆர்மியினர் குடியிருப்புகள் அமைத்து, குற்றப் பரம்பரையினரை அங்கே வைத்து வேலை வாங்கினர். அதன் தலைவர் பூத் டக்கர் இப்பணிக்குக் ‘கிரிமினோகியூராலஜி’ என்றொரு சாஸ்திரப் பெயரையே சூட்டி நூல் எழுதினார். குற்றம் ஒரு நோய், தாம் அதற்கு வைத்தியர் என்பது அவர் எண்ணம். நோயாளி என்று சொல்லப்பட்டவன் வைத்தியசாலையைவிட்டு வெளியேற முடியாது என்பதொன்றே வேறுபாடு!

தஞ்சை மண்ணிலிருந்து எழுந்த பதில் வேறு வகையானது. நடுக்காவேரியைச் சேர்ந்த பெரும்புலவர் ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1923இல் ‘கள்ளர் சரித்திரம்’ என்ற நூலை வெளியிட்டார். இலக்கியச் சான்றுகளைத் திரட்டி, தம் குலத்தின் பழமையையும் ஆட்சிச் சிறப்பையும் அதில் எடுத்துரைத்தார். குலப்பெருமை பேசும் நூல்களில் நமக்கு அத்துணை நாட்டமில்லை. ஆயினும் குலத்தின் பெயரையே குற்றச்சாட்டாக ஆக்கிய காலத்தில், ஒரு தமிழறிஞர் வேறெந்த ஆயுதத்தை எடுத்திருக்க முடியும்?

1947இல் சென்னை மாகாணம் இச்சட்டத்தை ஒழித்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கைக்குப் பின், 1952 ஆகஸ்ட் 31இல் நாடு முழுவதும் அது நீங்கியது. எனினும் அடுத்து வந்த வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் பழைய பதிவேட்டின் நிழலாகவே பல மாநிலங்களில் நடந்தன. 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென இருந்த பத்தியை நீக்க வேண்டும், சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யலாகாது என்று ஆணையிட வேண்டியிருந்தது. அதாவது, சட்டம் மடிந்து 72 ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் மனப்பான்மை சிறை வாசலில் காவல் நின்றது.

இவ்வளவு நேரம் குற்றவாளியைப் பற்றியே பேசினோம். ஆராய்ச்சியாளரும் அப்படித்தான் இருந்தனர். ளாலிமைப் பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் எழுந்தன. மள்லூமைப் பற்றி எழுதுவாரில்லை. பெஞ்சமின் மெண்டல்ஸோன் என்னும் ருமேனிய நாட்டு வழக்கறிஞர் 1940களில் பாதிக்கப்பட்டோரைப் பற்றிய தனிக் கலைக்கு வித்திட்டார். ஹான்ஸ் ஃபான் ஹென்டிக் 1948இல் குற்றவாளியையும் அவனால் பாதிக்கப்பட்டவனையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். ஆனால் இவ்விருவரும் முதலில் கேட்ட கேள்வி, பாதிக்கப்பட்டவன் தன் கேட்டுக்குத் தானே எவ்வளவு காரணமாயிருந்தான் என்பதாக அமைந்துவிட்டது. பிறவிக் குற்றவாளியைத் தேடியவர்கள் இப்போது பிறவி ஏமாளியைத் தேடலானார்கள்.

மனம் ஏன் இவ்வாறு வேலை செய்கிறது என்பதை மெல்வின் லெர்னர் என்ற உளவியல் பேராசிரியர் 1966இல் வெளியான ஒரு சோதனையால் காட்டினார். ஒரு பெண் மின்னதிர்ச்சியால் துன்புறுவதாக மாணவியர் சிலருக்குக் காட்டப்பட்டது. உண்மையில் அது நடிப்பே. அவளுக்கு உதவ வழியில்லை என்று அறிந்தவர்கள், இரக்கப்படுவதற்கு மாறாக அவளைத் தாழ்வாக மதிக்கத் தொடங்கினர். உலகில் அவரவர்க்கு உரியதே அவரவர்க்குக் கிடைக்கிறது என்று நம்பினால்தான் நாம் நிம்மதியாக உறங்க முடிகிறது. ஆகவே துன்புறுகிறவனிடத்தில் ஏதோ குறை இருந்தாக வேண்டும்! சாவடியில் இரவைக் கழிக்க நிரை நிரையாகச் செல்லும் ஆடவரைத் திண்ணையிலிருந்து பார்த்த ஊராருக்கும், ‘காரணமில்லாமலா சர்க்கார் செய்யும்’ என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு எளிதாயிருந்திருக்கும்!

பாதிக்கப்பட்டோரைப் பற்றிய இக்கலை பின்னர் தன்னைத் திருத்திக்கொண்டது. பழியை அளப்பதை விடுத்து, இழப்பை ஈடு செய்வதில் அது நாட்டங் கொண்டது. 1985இல் ஐக்கிய நாடுகள் சபை பாதிக்கப்பட்டோருக்கான நீதிக் கொள்கைகளை அறிவித்தது. நம் நாட்டில் இத்துறையை வளர்த்தவர்களுள் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியராயிருந்த கு. சொக்கலிங்கம் குறிப்பிடத்தக்கவர். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அது 396ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றவாளி யாரென்றே கண்டறியப்படாத நிலையிலும், பாதிக்கப்பட்டவர் ஈடு கேட்டு மனுச் செய்யலாம் என்பது அதன் சிறப்பு.

ஹனஃபி மத்ஹபின் கிதாபுகளில் ‘கஸாமா’ என்னும் பாடத்தை ஓதியவர்களுக்கு இது பழகிய ஒலியாகத் தோன்றும். ஒரு மஹல்லாவில் ஒருவர் கொலையுண்டு கிடந்து, கொன்றவன் யாரென்று தெரியவில்லையாயின், அம்மஹல்லாவாசிகளுள் ஐம்பது பேர் சத்தியம் செய்ய வேண்டும். அதன்பின் இறந்தவரின் வாரிசுகளுக்கு உயிரீட்டுத் தொகை போய்ச் சேர வேண்டும். கந்தர்வக்கோட்டைச் சீமையின் பழைய காவல்காரனும், களவு போன மாட்டை மீட்க முடியாதபோது அதன் விலையைக் கொண்டுவந்து உழவன் வாசலில் வைக்கக் கடமைப்பட்டிருந்தான். 1871க்கும் 1947க்கும் இடையே அந்த உழவனுக்குச் சட்டம் ஒரு காசும் கொடுத்ததில்லை. அண்டை ஊரான் பெருவிரலில் மை இருக்கிறது என்ற ஆறுதலை மட்டுமே கொடுத்தது.